சந்தனம் குடித்த கீபோர்டு

பாளையங்கோட்டையில் தில்லைநாயகம் அண்ணாச்சி கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்த காலத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு. டைப் அடிப்பவள் நீலாம்பாள். அவள் தட்டுகிற தட்டில் மேசை நகர்ந்து நகர்ந்து சாயங்காலத்துக்குள் வாசலுக்கு வந்துவிடும். காலையில் நான்தான் உள்ளே தள்ளுவேன். மாவு இடிக்கிறோம் என்று நினைத்து எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் ஊறவைத்த அரிசியோடு வந்து நின்றாள். இந்த வயதில் எனக்குப் பொய் எதற்கு?

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தபோது அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இப்படியே தட்டினால் கை போய்விடும் என்றார் டாக்டர். வேலையை விடு என்றாள் அவள் அம்மா. நீலாவுக்கு விட மனமில்லை.

“ஐப்பசி முகூர்த்தத்துக்குள்ள கை தேறலைன்னா வேற ஆள்தான் பாக்கணும், நீலா. கோவிச்சுக்கிடாத,” என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு, கைக்கு நோகாத கீபோர்டு ஒன்றை மெட்ராஸிலிருந்து அவரே வரவழைத்தார். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தது அது.

“என்னவே, மேல லாரி ஏறிட்டா?” என்று என்னைக் கேட்டார்.

“மணிக்கட்டு ஒடியாம கை நேரா விழணும்னு இப்படிச் செஞ்சிருக்கான், அண்ணாச்சி.”

பழையதை எடுத்து வைக்குமுன் கவிழ்த்துத் தட்டினேன். மஞ்சள் கட்டிகளாக உதிர்ந்தன. முகர்ந்தால் சந்தனம்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி ஒவ்வொரு எழுத்துக்கும் பொட்டு வைப்பார். அது உள்ளே வழிந்து இறுகியிருந்தது. குழைத்திருந்தால் ஒரு தேருக்கே பூசியிருக்கலாம்.

“அதான் பிள்ளை இந்த இடி இடிச்சிருக்கா,” என்றேன்.

அண்ணாச்சி நெற்றியைத் தடவிக்கொண்டார். “அப்ப இதைக் கழுவிட்டாப் போதும்லா? அந்தக் கோணலத் திருப்பி அனுப்பிருவோம்.”

“ரெண்டுலயும் அடிச்சுப் பாத்துச் சொல்லுதேன்,” என்றாள் நீலா.

கழுவிய பழையது பூப்போல அமுங்கியது. ஆனாலும் மத்தியானத்துக்குள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புதியதில் முதலில் விரல்கள் வழி தெரியாமல் நடுப்பள்ளத்தில் போய் விழுந்தன. சில நாளில் தோள் இறங்கியது, முகம் தெளிந்தது. கைதான் கருவிக்குப் பழக வேண்டும் என்றே நாங்களெல்லாம் வளர்ந்தோம். கையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

“இதுதான், அண்ணாச்சி. இப்பம் ராத்திரி சோறு பிசைய முடியுது.”

ஆயுத பூஜை வந்தது. அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு புதிய கீபோர்டின் முன்னால் நின்றார். நீலா பதறி எழுந்தாள்.

“சாமி காரியம்ட்டி. ஒண்ணே ஒண்ணு, ஓரமா வச்சிருதேன்.”

அவருடைய ‘ஓரமா’ எனக்குத் தெரியும். போன வருஷம் மின்விசிறிக்கு ஓரமாக வைத்த பொட்டு நாலு சுவரிலும் இருந்தது.

நீலா கீபோர்டுக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டினாள். “பொட்டு இங்கன இருக்கட்டும், அண்ணாச்சி. வேலை செய்யுதது இதுதான?”

 அண்ணாச்சி கிண்ணத்தை அவளிடம் கொடுத்தார். அவளே இரண்டு மணிக்கட்டிலும் சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டாள். சூடத்தை ஏற்றிக் கீபோர்டுக்குக் காட்டியவர், பைய அவள் கைகளுக்கும் காட்டினார்.

ஐப்பசியில் பத்திரிகை குவிந்தது. மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. எதிர்வீட்டு அம்மாள்தான் பாவம், மாவு இடிக்கிறதை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.