திரியாய் ஓர்கனின் கறுப்புக் கட்டை

2023ஆம் ஆண்டு மார்ச் 7, செவ்வாய்க்கிழமை முற்பகல், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் பின்னறைக் கணினியில், முப்பத்தெட்டு வருடங்களாக இல்லாத ஒரு கட்டையின் ஒலி பதிவாகியிருந்தது. நீளம் நான்கு செக்கன்.

அந்த அறை குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து குடியேறிய றிஸ்கானுடையது. பழைய சிந்தசைசர்களின் ஒலியைக் கட்டை கட்டையாகப் பதிந்து, எந்த நாட்டிலிருப்பவரும் தன் கணினியில் வாசிக்கக்கூடிய மென்பொருள் வாத்தியமாக்கி இணையத்தில் விடுவது அவன் தொழில். ஒவ்வொரு கட்டையையும் தொட்டும், மெதுவாகவும், அழுத்தியும், அடித்தும் நான்கு விதமாகப் பதிவு செய்வான். அப்போது அவன் மேசையிலிருந்தது, வடக்கே திரியாய்க் கிராமத்துக் கனகமணியிடம் இரவல் வாங்கிய ஓர்கன். 1983இல் பஹ்ரைனிலிருந்து வந்த யப்பான் சாமான். அறுபத்தொரு கட்டைகளில் அறுபதுதான் இருந்தன. நடுவே எஃப் ஷார்ப் என்ற கறுப்புக் கட்டை இருந்த இடத்தில் ஓட்டை. இப்படிக் குறை இருந்தால் பக்கத்துக் கட்டையின் ஒலியைக் கொஞ்சம் இழுத்து அந்த இடத்தை நிரப்பிவிடுவது வழக்கம். அதற்காக அவன் கோப்புகளைத் திறந்தபோது அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கேட்டுப் பார்த்தான். ஓர் ஆண் குரல் வாயை மூடியபடி எஃப் ஷார்ப்பை முனகிக்கொண்டிருந்தது. பின்னால் கடைத்தெருச் சைக்கிள் மணிகள். அவற்றோடு, இடது காலைச் சற்று இழுத்து நடக்கும் ஒருவரின் செருப்புச் சத்தம்.

மறுநாள் ஓர்கனைப் பார்க்க பஸ்ஸில் வந்த கனகமணி அதைக் கேட்டார். பிறகு இன்னொருதரம் போடச் சொன்னார்.

"இது அவர்தான். அந்தக் கட்டை உடைஞ்சாப் பிறகு கலியாண வீடுகளில பாட்டில அந்த இடம் வரேக்க வாயாலதான் இழுப்பார். சனம் சிரிக்கும். அவருக்கு அதில வெக்கமே இல்லை."

அவர் என்றது கணவர் மூத்ததம்பியை. 1985 மே மாதம், உடைந்த கட்டையைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி, அதுபோல ஒன்று செய்விக்கப் பட்டினத்து ரேடியோக் கடைக்கென்று போனவர் திரும்பவில்லை. அடுத்த மாதம் ஊரே இடம்பெயர்ந்தது. கனகமணி மூன்று முகாம்களுக்கும் ஓர்கனை றப்பர் சீற்றில் சுற்றிக் கொண்டுபோனார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி ஐந்து தடவை படிவம் கொடுத்தார்கள். எந்தத் திகதியைப் போடுவது என்று கேட்டு, ஐந்து தடவையும் நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தார்.

கனகமணி கேட்டுப் போன பிறகு அந்தக் கோப்பு தினமும் மாறியது; நீளமும் கூடியது. முனகல் மாறவில்லை, சுருதியும் பிசகவில்லை; பின்னணிதான் பட்டினத்திலிருந்து வடக்கே, திரியாய்ப் பாதையில் நகர்ந்தது. ஏப்ரலில் உப்புவெளிக் கடல் கேட்டது. ஜூனில் நிலாவெளிப் பள்ளிவாசல் பாங்கு மெல்லத் தொடங்கி, நெருங்கி, பின்தங்கியது. கனகமணி புதன்கிழமைதோறும் வந்து, காதில் ஹெட்போனுடன் கதிரையில் அமர்ந்து கேட்டார். றிஸ்கானின் மனைவி ஸஹ்ரா தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினியிலிருந்து சொன்னாள்: "நாப்பது வருசமா நடந்து வாறாரே மனுசன். எங்கட ஆள் சந்திக் கடைக்குப் போய் ஒரு பைக்கட் சீனி வாங்கி வாறதுக்கே ரெண்டு மணித்தியாலம்." கனகமணி சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஓகஸ்ட் மாதத்தில் றிஸ்கான் ஒரு பிழை செய்தான். பதிவு சில செக்கன்தான் இருக்கும். வாசிப்பவரோ கட்டையை எவ்வளவு நேரமும் அமர்த்திப் பிடித்திருக்கலாம். அதனால் ஒலியின் நடுவில் ஒரு துண்டைத் தேர்ந்து, அதன் வாலைத் தலையோடு முடிந்து, முடிவில்லாமல் சுற்ற விடுவார்கள். அதற்கு லூப் என்று பெயர். அறுபது கட்டைகளுக்கும் லூப் போட்ட கை, பழக்கத்தில் அறுபத்தோராவதுக்கும் போட்டுவிட்டது. அன்று மூத்ததம்பி இறக்கக்கண்டிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தார்.

மூன்று கிழமை அவர் அந்தப் பாலத்தைத் தாண்டவில்லை. பாலத்தில் தூண்டில் போடுபவர்கள் ஆறு செக்கனுக்கு ஒருதரம் வாளியை ஓரமாக நகர்த்தி யாருக்கோ வழிவிட்டார்கள். நகர்த்திய வாளி மறுபடியும் வழியில் இருந்தது. அங்கே நின்ற ஒரு நாய் ஒரே குரைப்பைக் குரைத்துக் குரைத்து மெலிந்துபோனது. நிலாவெளி பஸ் சாரதிகள் இதைத் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். புகார் எதுவும் போகவில்லை.

மூன்றாவது புதன்கிழமை கனகமணி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தம்பி, அந்த நாய் ஒரே மாதிரிக் குரைக்குது. நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

றிஸ்கான் ஒளிக்கவில்லை. லூப் என்றால் என்னவென்று விளக்கினான். பிறகு, "அவிழ்க்கலாம் அம்மா. ஆனா அவிழ்த்தா இந்தச் சத்தம் ஒருநாள் முடிஞ்சிடும். இப்பிடியே விட்டா எப்பவும் கேக்கலாம். அவிழ்த்திட்டா அந்தக் குரலைத் திருப்பி எடுக்க என்னால ஏலாது" என்றான்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. ஹெட்போனிலிருந்து முனகல் மெல்லிதாக வந்துகொண்டிருந்தது. கனகமணியின் கை அதை மூடி மூடித் திறந்தது.

"எனக்கு ஆசைதான். ஆனா, வீட்டை வாற மனுசனைப் பாலத்தில நிப்பாட்டி வச்சோ நான் கேக்கிறது? அவிட்டு விடுங்கோ."

றிஸ்கான் அவிழ்த்தான். அடுத்த நாள் காலை நாயின் சத்தம் பின்னால் கேட்டது.

செப்டெம்பர் கடைசியில் குச்சவெளி. ஒக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குள்ளும் முனகல் விடவில்லை, செருப்பு மட்டும் சேற்றில் கனத்தது. நவம்பர் முதற்கிழமை கனகமணி வந்தபோது, இனி வரமாட்டேன், வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லி ஓர்கனை வாடகை வான் ஒன்றில் ஏற்றிக் கொண்டுபோனார். நவம்பர் 15, புதன்கிழமை காலை றிஸ்கான் கோப்பைத் திறந்தான். படலை கிறீச்சிட்டது. செருப்பு இரண்டும் கழன்று விழுந்தன. முனகல் நின்றது. மிச்சம் ஒன்பது செக்கன் மழை. அவன் உடனே திரியாய்க்குத் தொலைபேசி எடுத்தான்.

"ஆளைக் கண்டீங்களா அம்மா?"

"ஆளைக் காணேல்ல. படலையைத் திறந்துதான் வச்சிருந்தனான். வாசலில ஈரக் கால் அடையாளம் இருக்கு, உள்ளுக்கு வந்திருக்கு, வெளியில போகேல்ல. கட்டை அதின்ர இடத்தில பூட்டிக் கிடக்கு. கைலேஞ்சியைக் கொடியில போட்டிருக்கிறன்."

றிஸ்கான் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மைக்குடன் திரியாய்க்குப் போனான். புதுக் கட்டை மற்றவற்றைவிடச் சற்று வெளிறியிருந்தது. அளவு சரியாக இருந்தது. தொட்டும், மெதுவாகவும், அழுத்தியும், அடித்தும் நான்கு விதமாகப் பதிந்தான். பழைய கோப்பை அழிக்கப் போனபோது அது தானாகவே காலியாகியிருந்தது. டிசெம்பரில் வாத்தியம் இணையத்தில் வெளிவந்தது. பிரேஸிலிலிருந்து ஒருவர், நடு எஃப் ஷார்ப் மட்டும் ஒலிக்கக் கொஞ்சம் பிந்துகிறது என்று எழுதினார். அது தூரத்திலிருந்து வருகிறது என்று றிஸ்கான் பதில் போட்டான். அவர் நன்றி சொன்னார்.

ஜனவரியில் கனகமணி ஆறாவது தடவையாகப் படிவத்தை வாங்கி, அலுவலகத்திலேயே நின்று நிரப்பினார். இறந்த திகதி: 2023 நவம்பர் 15. இறந்த இடம்: வீடு. இலிகிதர் வாசித்துப் பார்த்து, காலையா மாலையா என்று கேட்டார். காலை என்றார் கனகமணி. இலிகிதர் அதையும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.