ஏழாவது குழாய்

“இன்னும் வெரசா போங்கண்ணே.”

ஐஸ் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு சுசித்ரா பல்லைக் கடித்தாள். போடிமெட்டு இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஜீப் அவளைக் கதவோடு சேர்த்து நசுக்கியது. பெட்டிக்குள் ரத்த மாதிரி நிரப்பிய சோதனைக் குழாய்கள். மதியத்துக்குள் போடி ஆய்வகத்தில் சேர்க்காவிட்டால் உள்ளே இருக்கும் செல்கள் செத்துப்போகும். காலையில் பட்ட பாடெல்லாம் வீண்.

“முன்னாடி ஏலக்காய் லோடு போகுது தாயி. அதை இடிச்சுத் தள்ளிட்டுப் போகவா?” என்றார் ஜீப் ஓட்டும் ஜக்கையன்.

பிறகு வழக்கம்போல, அவளோடு வேலை பார்க்கும் மனோஜின் புராணத்தை ஆரம்பித்தார். மனோஜ் தம்பி எஸ்டேட் பக்கம் போனால் பால் விடாத கட்டஞ்சாயா கொடுக்காமல் அனுப்பமாட்டார்களாம். பாதி மலையாளம், பாதி தமிழ் பேசியே ஊரை வளைத்துவிடுவானாம்.

சுசித்ராவுக்கு வயிறு எரிந்தது.

நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. ரத்தக் குழாயின் உள்சுவர் சிதைந்தால், ரத்தத்தோடு சுற்றிவரும் ஒருவகைச் செல்கள் ஓடிப்போய் ஒட்டுப்போடும். உடம்பில் அழற்சி கூடும்போது அந்தச் செல்கள் குறைகின்றனவா என்பதுதான் கேள்வி. நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது சுசித்ராவின் சோலி. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில் நோயில்லாதவர்களின் ரத்தம் கொண்டுவருவது மனோஜின் பொறுப்பு. அவள் வீடு வீடாக ஏறி, கலங்கி நிற்கும் மனைவிமார்களைத் தேற்றி ரத்தம் எடுப்பாள். அவன் சிரித்தே வாங்கிவிடுவான். பாராட்டெல்லாம் அவனுக்கு. மதுரையில் தொடங்கும் அடுத்த ஆய்வுக்கோ ஒரே ஒரு இடம். இருவரில் யாரென்று, ஆய்வை நடத்தும் டாக்டர் அன்னக்கொடி இன்று முடிவெடுக்கிறார்.

ஆய்வகத்தில் இயந்திரம் ஒவ்வொரு குழாயிலும் செல்களை எண்ணித் தள்ளியது. மனோஜ் கொடுத்தனுப்பிய, பேரில்லாமல் எண் மட்டும் ஒட்டிய ஏழாவது குழாய் வந்ததும் சுசித்ரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒட்டுப்போடும் செல்கள் பேருக்குத்தான் இருந்தன. அழற்சியோ உச்சத்தில். அவளுடைய நோயாளிகளில்கூட இத்தனை மோசமாக ஒருவரும் இல்லை.

நோயில்லாத ஆளாம்! எவனோ ஒரு நோயாளியின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்து, நல்ல ஆள் கணக்கில் சேர்த்துவிட்டான். அகப்பட்டான் மனோஜ்.

இயந்திரக் கோளாறு என்று அவன் தப்பிவிடக் கூடாது. சுத்தம் செய்து மறுபடி ஓட்டினாள். அதே முடிவு. இன்னொரு முறை. அசையவே இல்லை. சாப்பிடாத பசிகூடத் தெரியவில்லை அவளுக்கு.

மாலை பஸ்சில் இறங்கி வந்த மனோஜை, நேரே டாக்டர் அறைக்குள் நிறுத்தினாள். முடிவுகளை மேசைமேல் பரப்பி, இவர் கொண்டுவந்த ஆட்களையெல்லாம் இனி எப்படி நம்புவது என்று நிதானமாகக் கேட்டாள். மனோஜ் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

“மெஷின் தப்பா இருக்குமா?” என்றான்.

“மூணு தடவை ஓட்டினேன். தப்பே இல்லை.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். காய்ச்சல் கண்டிருந்தால் அழற்சி ஏறியிருக்கலாம். ஆனாலும் செல்கள் இவ்வளவு குறைந்திருப்பதை அப்படியே விட்டுவிட முடியாது என்றார். “சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. அந்த ஆளை இப்பவே கூட்டிட்டு வாங்க. இதயத்தைப் பார்க்கணும்.”

மனோஜ் தாள்களைத் திரும்ப அடுக்கி வைத்தான்.

“பேரைச் சொல்லச் சொல்லுங்க மேடம்,” என்றாள் சுசித்ரா. “நோயில்லாத ஆள்னா பேர் சொல்ல என்ன தயக்கம்?”

மனோஜ் சட்டைக் கையை மெதுவாக மடக்கினான். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஏலக்காய் எடுப்பு நேரம் மேடம். ரத்தம் கொடுக்க ஒருத்தரும் கை நீட்டல. நமக்குத்தான் ஒண்ணும் இல்லையேன்னு, நர்சம்மாகிட்ட என் ரத்தத்தையே எடுக்கச் சொல்லிட்டேன்.”