வாய் நனையாமல்

கிணற்று மூடியின் கடைசி போல்ட் மட்டும் அசைய மறுத்தது. அவள் ஸ்பேனரைக் காலால் மிதித்துத் திருகினாள். டம்ளரோடு பக்கத்தில் நின்ற அண்ணன் அவசரப்படுத்தினான்.

"சீக்கிரம்மா. நினைவு இருக்கும்போதே கொடுத்துடணும்."

உள்ளே படுக்கையில் அப்பா காலையிலிருந்து ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர். பஸ் ஓட்டிவிட்டு வந்த கையோடு, ஆட்களுடன் அவரும் இறங்கித் தோண்டிய கிணறு அது. தெருக்கோடி ரசாயனத் தொழிற்சாலை பல வருடங்கள் கழிவைக் குழியில் ஊற்றி நிலத்தடி நீரைக் கெடுத்தபின், தெருவின் எல்லாக் கிணறுகளுக்கும் இரும்பு மூடி வந்தது. குடிக்கக் கேன் தண்ணீர் வந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போனபோது, "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்று டாக்டர் கைகழுவிவிட்டார்.

அவள் வேதியியல் படித்தவள். தொழிற்சாலையே நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோது அந்த வேலையில் சேர்ந்தாள். கெட்ட நீரைப் பம்ப் வைத்து இழுத்து, கரித் தொட்டிகளில் வடிகட்டி, மறுபடி மண்ணுக்குள் விட வேண்டும். மாதாமாதம் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும். சேர்ந்த அன்றே அப்பா கேட்டார்.

"விஷம் ஊத்தினவன்கிட்டயே கைநீட்டிச் சம்பளம் வாங்கப்போறியா?"

"யாராவது அள்ளித்தானேப்பா ஆகணும்? நான் அள்ளினா ஒழுங்கா அள்ளுவேன்."

அதன்பிறகு அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், "கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்கக் கிளம்பியாச்சு" என்று சுவரிடம் சொல்வார்.

மூடி விலகியது. வாளியில் ஏறிவந்த தண்ணீரில் நிறமில்லை, வாடையில்லை. அதுதான் அந்த விஷத்தின் கெட்டிக்காரத்தனம். போன மாதச் சோதனையில் அது முன்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் தண்ணீர் குடிக்கிற நிலைக்கு வரவில்லை.

"போற உயிரை இனிமே எது என்ன பண்ணிடப்போகுது?" என்றான் அண்ணன். அவள் டம்ளரை வாங்கி நிரப்பினாள்.

அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்து டம்ளரை நீட்டினாள். அவர் கண்ணைத் திறந்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தார்.

"நீ சுத்தம் பண்ணதுதானே? முதல்ல நீ குடி."

டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். ஒரு மிடறு குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. யாரையும்விட அவளுக்குத்தான் அது தெரியும். ஆனால் கை நின்றுவிட்டது. ஒரு கணம்தான். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

"அவ்வளவுதான் பாரு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

"கேன் தண்ணி தரேம்பா..."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கப் போனபோதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மத்தியானம் மூச்சு நின்றபோது உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பெனியின் மலர்வளையம் வாசற்கதவில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அண்ணன் அதை வாங்கி, கம்பெனிப் பெயர் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்தான். மேலாளர் போனில் கூப்பிட்டார். "எத்தனை நாள் வேணும்னாலும் லீவ் எடுத்துக்கோங்கம்மா. இந்த மாசத்து சாம்பிள் மட்டும் யார்கிட்டயாவது சொல்லி எடுக்க வெச்சிடுங்க."

கடைசியில் என்ன கேட்டார் என்று எல்லோரும் விசாரித்தார்கள். அண்ணன் தழுதழுத்தான்.

"கிணத்துத் தண்ணி கேட்டாரு. தங்கச்சிதான் மூடியைத் திறந்து எடுத்துக் கொடுத்தா. வயிறு குளிரக் குடிச்சிட்டுத்தான் போனாரு."

சொல்லச் சொல்ல அவனே அதை நம்பத் தொடங்கியிருந்தான். கேட்டவர்களின் முகங்கள் இளகின. அவள் மறுக்கவில்லை. இப்படி ஒரு சாவு அப்பாவுக்கு வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து அவளை ஒட்டி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே எடுத்துக் கொடுத்தியாமே? தண்ணி சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லக் கூடாதா?" அழுதிருந்த அக்காவின் கண்களில் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. "எங்க வீட்டுக்காரரு இப்பதான் எங்க கிணத்து மூடியை உடைச்சாரு. குடம் குடமா இறைக்கிறாரு. புள்ளைங்க ஒரே ஆட்டம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

"இல்லக்கா." அறை முழுவதும் கேட்டுவிட்டது. "தண்ணி இன்னும் சரியாகல. அப்பா அதைக் குடிக்கல. கொடுத்தேன், வேண்டாம்னுட்டாரு. வாய் நனையாமத்தான் போனாரு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அவள் கையை விட்டாள். எழுந்து, அப்பா கிடந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"கொட்டிடுங்க! யாரும் வாய் வைக்காதீங்க, கொட்டிடுங்க!"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடம் கவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. ஒரு குழந்தை சிணுங்கியது. சற்றுப் பொறுத்து, மதிலடித் துளை வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வழிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே மெல்லப் பரவியது.