சாய்ந்த திமில்

...திமில் இல்லாத மாட்டுக்கு நுகத்தடி எங்கே நிற்கும், அதை மட்டும் யாராவது சொல்லட்டும், அப்புறம் திட்டட்டும், சூளைக்கு எதிரே வேப்பமரத்தடியில் குந்தியிருந்த சக்கரபாணிக்குக் காலையிலிருந்து இதே நினைப்பு, சூளைக் கதவு இன்னும் அனலடிக்கிறது, ஆறுவதற்குள் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் படபடவென்று விரிசல் விட்டுவிடும், திறக்காமல் இருந்தாலும் உள்ளே இருக்கிற மண் மாடுகள் மாறப் போவதில்லை, வெந்த மண்ணை யார் என்ன செய்வது. பச்சை மண்ணாக இருந்தபோது கத்தியால் ஒரு சீவு, ஈர ஸ்பாஞ்சால் ஒரு துடைப்பு, அவர் வைத்த திமில் போயிருக்கும். பார்க்க வேண்டியவள் பூர்ணிமா, அவருடைய மருமகள், சூளைக்குப் போகும் முன் ஒவ்வொரு பொம்மையையும் எடுத்துப் பார்ப்பதுதான் அந்தப் பொம்மைக் கம்பெனியில் அவள் வேலை, மாமா கை பட்டதுதானே என்று தட்டுத் தட்டாக அப்படியே அனுப்பிவிட்டாள். மாமனாரை நம்பினாள், பாவி, அவர் யாரையாவது நம்பியிருக்கிறாரா? வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பார், பஸ் கண்டக்டர் கொடுக்கும் சில்லறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், எதையும் தடவிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத ஆள், அவர் வீட்டுக்கு வந்த மருமகள் இப்படி. காலையில் முதலாளி லட்சுமிநாராயணன் சூளைக்குப் போகாமல் மிச்சம் கிடந்த பச்சை மண் மாடு ஒன்றை எடுத்து, அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு பூர்ணிமா தலை நிமிரவில்லை.

சாம்பிள் மாட்டுக்குத் திமில் இல்லை, உண்மைதான். கழுத்திலிருந்து முதுகு வரை மழுங்கல். கப்பலில் வந்த சாமான், எவனாவது மூட்டையைத் தூக்கிப் போட்டிருப்பான், உடைந்திருக்கும், அப்படித்தானே நினைத்தேன், அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் வளர்க்கிற ஜெர்சி மாட்டுக்கும்தான் திமில் இல்லை, அவருக்குத் தெரியாதா, ஆனால் ஜெர்சியை எவன் வண்டியில் பூட்டுவான்? இதுவோ வண்டி மாடு. வெள்ளைத் துணியைக் கூண்டாக வளைத்துக் கட்டிய வண்டி, உள்ளே தலையில் முக்காடு போட்ட பொம்பளை, பக்கத்தில் சாட்டையோடு நடக்கிற ஆம்பளை, ஒரு நாய், ஒரு ஜோடி மாடு, எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி, அந்த ஊரில் ஏதோ கடையில் விற்பார்களாம். மாட்டுக்குக் கொம்பு ஒட்டுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. மண்குழம்பைத் தொட்டுக் கொம்பை ஒட்டியவர் கையோடு ஒரு உருண்டை உருட்டித் திமிலையும் வைத்தார், எல்லாவற்றுக்கும்.

சூளைக்காரன் ஜெயராஜ்தான் அந்த வண்டியின் கதையைச் சொன்னவன், கௌபாய் படக்கதை படித்துப் படித்தே பத்தாவதில் கோட்டை விட்டவன். "அது என்னா நெனச்ச பெருசு, நூறு வண்டி, எரநூறு வண்டின்னு வரிசையா போவாங்க. மாசக்கணக்குல. வெறவு கெடைக்காது, காட்டெருமச் சாணிய பொறுக்கித்தான் சோறாக்கணும்." சாணி என்றதும் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, வறட்டியில் சமைத்தவர்கள் என்றால் நம்மைப் போல மனுஷர்கள்தான். எதுக்குடா போனாங்க என்று கேட்டார். "நெலம் புடிக்க." யாரோட நெலம்? "அங்க செவ்விந்தியருங்க இருந்தாங்க. தள்ளிப் போங்கன்னுட்டாங்க." எங்க? "தள்ளி." அப்புறம்? "இன்னும் தள்ளி. நீயி கம்மாபுரத்துலேருந்து வரல? அது மாரி." சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தான், சிரித்தானா என்று தெரியவில்லை. அந்தப் பெட்டியில் தள்ளிப் போன ஆளுக்குப் பொம்மை இருக்குதா என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஆர்டர்ல இல்ல என்றான். கடைசியாக ஒன்று கேட்டார், மாட்ட வித்துட்டா போனாங்க? "மாடு இல்லாம வண்டி எப்படிப் போவும்? மாட்டோடத்தான் போனாங்க."

மாட்டோடு... சுனாமி வந்ததற்கு மறு வருஷம், நிலக்கரிச் சுரங்கத்துக்கு என்று கம்மாபுரத்து நிலமும் வூடும் போனபோது, சாமான்களை டிராக்டரில் ஏற்றித் தார்பாயை வளைத்துக் கட்டினார்கள், மழை தூறிக்கொண்டிருந்தது, அவர் பின்னால் நடந்தார், டிராக்டருக்குச் சாட்டை எதற்கு, இருந்தாலும் கையில் இருந்தது. அதற்கு முந்தின வாரமே மாட்டைச் சந்தையில் விட்டாயிற்று. புதிதாகக் கொடுத்த இடத்தில் மனுஷன் காலை நீட்டவே இடமில்லை. செவலை ஒன்று, மயிலை ஒன்று, மயிலைக்குக் கன்றிலிருந்தே திமில் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும், என்னய்யா உன் மாடு தலைவாணி வெச்சுப் படுத்துக்கிட்டே உழுவுது என்று பக்கத்துக் கொல்லைக்காரன் பாவாடை கேலி பண்ணுவான். நிலம் எடுக்க வந்தவர்கள் சக்கரபாணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீங்க உக்காருங்க பெரியவரே என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மகன் அன்புச்செல்வனிடம் பேசினார்கள். அந்த மகனும் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் பாயில் கிடக்கிறான், மூன்று வயிறும் பெரும்பாலும் பூர்ணிமாவின் சம்பளத்தில்தான் ஓடுகிறது, இன்றைக்குக் காலைவரை ஓடியது. நான்தான் வெச்சேன் மொதலாளி, அவள ஒண்ணும் சொல்லாதீங்க என்று காலையிலேயே போய் நின்றார். "ஒங்கள என்ன பெரியவரே கேக்கறது? நீங்க போயி நெழல்ல உக்காருங்க. பாத்து அனுப்ப வேண்டியது அவங்க." குற்றத்தைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், இந்த வயதில் ஒரு ஆள் தப்பு செய்யக்கூட லாயக்கில்லையா?

வெயில் சாய்ந்த பிறகு ஜெயராஜ் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவை இழுத்தான். தள்ளுவண்டி கிறீச்சிட்டு வெளியே வந்தது. தட்டுக்கு மேல் தட்டு, பளபளவென்று மாடு, மாடு, மாடு... முதலாளி ஒன்றை எடுத்துப் பார்த்தார், பழைய இடத்திலேயே வைத்தார், கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "பூர்ணிமா, நாளைலேருந்து வர வேணாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் சரிங்க என்றாள்.

"யோவ் பெருசு, இதென்னா எல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கெடக்குது?" என்றான் ஜெயராஜ்.

சக்கரபாணி எழுந்து கிட்டே போய் ஒன்றைக் கையில் எடுத்தார். செவலைக்கு நேரான திமில், மயிலைக்கு இடப்பக்கம் சாய்ந்த திமில் என்றுகூட இல்லை, அத்தனையும் மயிலை, ஜோடிக்கு ஜோடி மயிலை, எல்லாத் திமிலும் இடப்பக்கம். உடைந்ததைச் சரி செய்கிறவன் நிமிர்த்தித்தானே வைப்பான், சாய்த்து எதற்கு வைத்தான்? சாம்பிள் வந்த அன்று... தடவிப் பார்க்காமல் இருந்திருப்பாரா, அவரா? பார்த்தார். கட்டைவிரலுக்கு ஞாபகம் இருக்கிறது. உடைந்த இடம் சொரசொரவென்று இருக்க வேண்டும். அது வழவழவென்று இருந்தது.

பூர்ணிமா சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், கண் சிவந்திருந்தது. "வுடுங்க மாமா. தெரியாமதான செஞ்சீங்க. வாங்க, பஸ்ஸு போயிடும்."

கையிலிருந்த மாடு இன்னும் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை, அவர் கட்டைவிரல் பாட்டுக்கு அந்தச் சாய்ந்த திமிலைத் தடவிக்கொண்டே இருந்தது...