கறுப்பு வேட்டியில் வெள்ளை முடி

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் லோகநாயகி வீட்டில் பூனை கிடையாது. நாய் கிடையாது, கிளி கிடையாது. கரப்பான்பூச்சிகூட அவள் இருக்கும் பக்கம் வராமல் ஒதுங்கித்தான் போகும். அப்படிப்பட்ட வீட்டில், சபரிமலைக்கு மாலை போட்ட மனிதரின் கறுப்பு வேட்டியில் வெள்ளை வெளேரென்று பூனை முடி ஒட்டியிருந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது?

முதலில் அவள் அதைப் பஞ்சு என்று நினைத்தாள். தலையணை எங்காவது பிரிந்திருக்கும் என்று. சாமி தலையணையே வைத்துக்கொள்வதில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஸ்ரீநிவாசன் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டதிலிருந்து ஹாலில் ஒரு போர்வையை விரித்து வெறும் தரையில்தான் படுக்கிறார். காலில் செருப்பு கிடையாது, சவரம் கிடையாது, இரண்டு வேளையும் பச்சைத்தண்ணீர்க் குளியல். மாலை கழுத்தில் இருக்கும்வரை பெண்டாட்டியும் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். சாமியிடம் குரல் உயர்த்தக்கூடாது, சண்டை போடக்கூடாது. சந்தேகப்படக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

முடியோ லேசில் போகிற முடியாக இல்லை. துணியை ஊறவைத்துக் கசக்கினால் தண்ணீரில் மிதந்து வந்து அவளுடைய ரவிக்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினால் கொடியில் காய்ந்த துண்டுகளில் போய் உட்கார்ந்தது. பெருக்கினால் விளக்குமாற்றிலேயே தங்கிவிட்டது. ஃபேன் போட்டால் பூஜை அறை வரைக்கும் பறந்தது. செல்லோ டேப்பைக் கையில் சுற்றி ஒத்தி ஒத்தி எடுத்தாள். ஒரு டேப் தீர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்து வீட்டு ஜான்சியிடம் போய் நின்றாள். ஜான்சி மூன்று பூனை வளர்க்கிறவள்.

"உன் பூனை எங்க வீட்டுக்குள்ள வருதா ஜான்சி?"

"இன்னாக்கா, வந்ததும் வராததுமா என் புள்ளைங்க மேல பழி போடறே?" ஜான்சி அந்த முடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது வெள்ளைப் பூனையாச்சே. நம்ம வூட்ல ரெண்டு கறுப்பு, ஒண்ணு சாம்பல். வெள்ளை எங்க கீது?"

"அப்போ எங்கேருந்து வருது?"

"அத்த நீதான் சொல்லணும். எதுல ஒட்டிகினு இருந்துச்சு?"

"ஜன்னல் திரையில" என்று லோகநாயகி பொய் சொன்னாள். சொந்தக் கதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கிளவுஸை நனைத்து, ஒரே பக்கமாகத் தேய்த்தால் முடி உருண்டு திரண்டு வந்துவிடும் என்று ஜான்சி சொல்லிக் கொடுத்தாள். வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அவிழ்த்துப் போட்ட வேட்டியிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் போவது பல்லாவரம் சந்தைக்கு. ரிடையர் ஆனதிலிருந்து ரோஜாச் செடி பைத்தியம். ஒன்றரை வருஷமாக வாரம் ஒரு செடி வருகிறது, மொட்டை மாடியில் துணி காயப்போட இடமில்லை. அந்தச் சந்தையில் செடியிலிருந்து பழைய டிவி வரைக்கும், முயல்குட்டியிலிருந்து புறா வரைக்கும் எல்லாம் விற்கும். பூனைக்குட்டியும் விற்கலாம். மறுநாள் காலை நைவேத்தியப் பொங்கலில் ஒரு முடி கிடந்தபோது அவரே அந்தக் காரணத்தைத்தான் சொன்னார்.

"சந்தையில ஏதாவது பூனை காலை உரசியிருக்கும். இதையெல்லாம் ஒரு விஷயமா எடுத்துட்டு வரே."

"சரிங்க சாமி" என்றாள் அவள்.

ஆனால் அவள் துணி துவைக்கிறவள். எந்த இடத்தில் எது ஒட்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? காலை உரசுகிற பூனையின் முடி வேட்டியின் கீழ்க்கரையில்தான் இருக்க வேண்டும். கீழ்க்கரை சுத்தமாக இருந்தது. முடி முழுக்க மடியில். மடியில் பூனை படுக்க வேண்டுமானால் ஆள் உட்கார வேண்டும். சந்தையில் ஆள் எங்கே உட்காருவார்? அது வீடு. சாவகாசமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூனையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, நேரம் போவது தெரியாமல் இருக்கிற ஒரு வீடு.

அதற்கப்புறம் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அவர் வாயில் பாட்டு வருவது. மேல்துண்டில் லேசாகப் பவுடர் வாசனை அடிப்பது. அவள் பவுடர் போடுவதை விட்டு வருஷக்கணக்காகிறது. போனை முகம் கவிழ்த்து வைப்பது. விரதமாம் விரதம்! ஊருக்கெல்லாம் சரணம் சொல்லிவிட்டு எவளோ ஒருத்தி வீட்டில் பூனையைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? இதுவரைக்கும் அவர் உடுத்தியது வெள்ளை வேட்டி. வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும்? எத்தனை காலமாக அந்த முடியை அவளே துவைத்து, அவளே இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறாளோ? நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது.

வேறொரு பெண்டாட்டியாக இருந்தால் பொறாமையோடு போயிருக்கும். அவளுக்கு எரிந்தது அதனால் மட்டுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே மகன் கேஷவ், கூட வேலை பார்த்த ஜெரூஷாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றான். ஸ்ரீநிவாசன் கதவைத் திறக்கவில்லை. இந்த வீட்டிலிருந்து யாராவது அவனோடு பேசினாலோ அவன் வாசப்படியை மிதித்தாலோ அன்றைக்குத் தன் பிணம்தான் இங்கே கிடக்கும் என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். சொன்னதைச் செய்துவிடுவாரோ என்ற பயத்தில் அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். பல்லாவரத்தில் குடியிருக்கிறான், பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று உறவில் யாரோ சொன்னபோது ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலைப் பிடித்தாள். அவர் அசையவில்லை. பிள்ளையைக் கொடுத்து அவள் காப்பாற்றி வைத்திருந்த புருஷன் இவர். அவரும் தனக்கு இல்லையென்றால் அவளுக்கு மிச்சம் என்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், கோயிலுக்குப் போவதாக ஜான்சியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு லோகநாயகியும் கிளம்பினாள். பெருங்களத்தூர் ஸ்டேஷனில் தூணுக்குப் பின்னால் நின்றாள். அவர் ஏறிய அதே மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறினாள். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். அறுபதை நெருங்கும் வயதில் துப்பறியும் வேலை.

பல்லாவரத்தில் இறங்கியதும்தான் கஷ்டம் புரிந்தது. கார்த்திகை மாசம். சந்தையில் எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். வழுக்கையைப் பார்த்து ஒருவர் பின்னாலேயே போனாள். அவர் பழைய மிக்ஸி விலை கேட்டார், பின்னாலேயே நின்றாள். தொட்டி மீன் பார்த்தார், அங்கேயும் நின்றாள். அவர் திரும்பினார். யாரோ!

"இன்னா அம்மா, அங்கேருந்து என் பின்னாடியே வந்துகினு கீறே? அன்னதானத்துக்கு எதுனா குடுக்கணுமா?"

"மன்னிச்சுக்கங்க சாமி, எங்க வீட்டுச் சாமின்னு நினைச்சுட்டேன்."

"வூட்டு சாமிய நல்லா பாத்து வெச்சுக்கோ, இந்தக் கூட்டத்துல மாறிப்பூடும்" என்று சிரித்துக்கொண்டே அவர் போனார். லோகநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்ரீநிவாசனைச் செடிக்காரரிடம்தான் பிடித்தாள். ஒரு மஞ்சள் ரோஜாவைத் தேர்ந்தெடுத்து, "திரும்பி வரும்போது எடுத்துக்கறேன், எடுத்து வை" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு சந்தையை விட்டு வெளியே நடந்தார். அட, சாட்சிக்கு ஒரு செடி! மாடியில் இருந்த ரோஜாத் தொட்டி ஒவ்வொன்றும் அவள் கண் முன்னால் வந்து பல்லைக் காட்டியது.

அவர் இரண்டு தெரு தாண்டி ஒரு சின்னத் தெருவில் திரும்பி, பச்சை கேட் போட்ட கீழ்ப்போர்ஷன் வீட்டுக்குள் மணிகூட அடிக்காமல் போனார். சொந்த வீடு மாதிரி! லோகநாயகி எதிரே இருந்த இஸ்திரி வண்டியின் மறைவில் நின்றாள். உள்ளே போகவும் மனசில்லை, திரும்பிப் போகவும் மனசில்லை. பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காத மாதிரி இருக்க முடியாதே என்று வெகுநேரம் அங்கேயே நின்றாள். கேட்டின் மேல் ஒரு கொழுத்த வெள்ளைப் பூனை வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஆத்திரம் வந்து காலை நகர்த்தியது.

கதவு திறந்திருந்தது. ஹால் நடுவில் ஸ்ரீநிவாசன் கிளம்புகிற தோரணையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். நைட்டி போட்ட ஒரு சின்னப் பெண் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவருடைய மேல்துண்டிலும் சட்டையிலும் உள்ளங்கையால் ஒத்தி ஒத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்புங்க மாமா, முதுகுல இன்னும் இருக்கு. போன வாரம் வேட்டியைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றாள் அந்தப் பெண். அவள் கையில் பசைப்பக்கம் வெளியே தெரியச் சுற்றிய டேப் இருந்தது. "அத்தை கண்ணுல ஒரு முடி பட்டாலும் உங்களுக்குத்தானே பிரச்சினை."

கேஷவின் போனில் ஒரே ஒருமுறை பார்த்த முகம்தான் அது. ஜெரூஷா. அவர் காலடியில், பவுடர் பூசிய ஒரு பெண் குழந்தை வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. கேஷவின் நெற்றி, கேஷவின் காது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், லோகநாயகிக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான். வேறொருத்தி இல்லை. அவருக்கும் மனசு கரைந்திருக்கிறது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கப் போனாள். ஜெரூஷா சட்டென்று முந்திக்கொண்டு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சண்டை போட வந்திருந்தா வெளியில பேசிக்கலாம் அத்தை. குழந்தை பயப்படுவா."

"நான் எதுக்கும்மா சண்டை போடப்போறேன்?"

"நீங்கதானே எங்க முகத்துல முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க? கேஷவ் பேரைச் சொன்னாலே தூக்கு மாட்டிக்குவேன்னு சொன்னீங்களாமே. மாமா எவ்வளவோ கெஞ்சியும் நீங்க இறங்கி வரலைன்னு வாரா வாரம் அழறாரு. எங்களுக்காகத்தான் உங்களுக்குத் தெரியாம வந்துட்டுப் போறாரு. அவர் விரதத்துல இருக்காருன்னு இந்த வீட்டுல ஒரு மாசமா மீன்கூட வாங்கலை."

லோகநாயகி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஒன்றரை வருஷமாக இந்தக் குழந்தை அவர் மடியில் வளர்ந்திருக்கிறது. கதவைச் சாத்தியவர் இங்கே நல்லவர், அழுதுகொண்டு கிடந்தவள் இங்கே ராட்சசி. பேரன் பேத்தி ஆசை வந்ததும் சத்தியத்தை அவர் விடவில்லை, பத்திரமாகத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார். வேறொருத்தி வீடாக இருந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

"லோகா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். சாமி சத்தியமா, சமயம் பார்த்துச் சொல்லணும்னுதான்..."

"போன் போடுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "கேஷவுக்குப் போடுங்க. எல்லாரும் கேக்கற மாதிரி வைங்க. கழுத்துல மாலை இருக்கு. என்ன சொல்லணுமோ அதை மட்டும் சொல்லுங்க."

அவர் போனை எடுத்துப் போட்டார். மணி அடித்தது. ஆபீஸ் இரைச்சலுக்கு நடுவே, மூன்று வருஷம் கழித்து, அவள் பிள்ளையின் குரல் அந்த ஹாலில் கேட்டது.

"சொல்லுப்பா. வீட்டுக்கு வந்துட்டியா? என்னப்பா பேச மாட்டேங்கறே? அம்மா திரும்பவும் ஏதாவது சொன்னாளா?"

ஜெரூஷா ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்த பிடி தளர்ந்து, குழந்தை இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது.

"அம்மா ஒண்ணுமே சொன்னதில்லைடா" என்றார் ஸ்ரீநிவாசன் கடைசியில். "அவ உன்னைப் பார்க்கணும்னு என் காலைப் பிடிச்சா. சத்தியம் பண்ணினது நான். உன்கிட்ட மாத்திச் சொன்னதும் நான்தான்."

போனில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"அம்மா எங்கே?"

"இங்கேதான். உன் வீட்டுல."

"போக விடாதே" என்றான் கேஷவ். "நான் வரேன். அவளைப் போக மட்டும் விட்டுடாதே."

லோகநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஜெரூஷா சமையலறைக்குள் ஓடித் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் முட்டி போட்டு நீட்டினாள். லோகநாயகி அவசரமாகக் குடித்ததில் தண்ணீர் பாதி புடவையில் கொட்டியது. ஸ்ரீநிவாசனும் உட்காரப் பார்த்தார்.

"நீங்க கிளம்புங்க சாமி" என்றாள் லோகநாயகி, அவரை நிமிர்ந்து பார்க்காமல். "ஒன்றரை வருஷம் நீங்க மட்டும் வந்தீங்க. இன்னிக்கு ஒருநாள் நான் மட்டும் இருக்கேன்."