ஷார்ஜா – திருச்சி, போக வர

ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட வராதே, அதை எரித்தால் எப்படி இரண்டே முக்கால் கிலோ கரியமிலவாயு வரும் என்று ஹாஜா மைதீன் கேட்டதும் செம்மொழிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தின் பின்பக்க வராந்தாவில் முள்ளியாற்றங்கரை கலைக்குழுவின் கூட்டம். வேனும் ஜெனரேட்டரும் ஹாஜா மைதீனுடையவை. குழு எந்த ஊருக்குப் போனாலும் வண்டி ஓட்டுவதும் விளக்கு கட்டுவதும் அவர்தான்.

"டீசல்ல இருக்குற கரி மட்டுந்தான் பாய் நம்மளது. எரியும்போது அது காத்துல இருக்குற ஆக்சிஜனைச் சேத்துப் புடிச்சுக்குது. ஒரு கரிக்கு ரெண்டு ஆக்சிஜன். அதான் எடை கூடிடுது."

"அப்ப முக்காவாசி எடை காத்தோடது. பழி மட்டும் என் வண்டிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். குழுவுக்கு வருடந்தோறும் உதவும் அறக்கட்டளை இந்த முறை ஒரு படிவம் அனுப்பியிருந்தது. ஒரு வருட நாடகங்களால் எவ்வளவு கரியமிலவாயு வெளியேறுகிறது, எதை எப்படிக் குறைக்கலாம் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். செயலாளர் செம்மொழிதான். பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள். நாகப்பட்டினத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கும் அவள்தான் போய்வந்தாள்.

பழைய ஹாலஜன் விளக்கு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது என்று அவள் விளக்கினாள். எல்.இ.டி. போட்டால் அதே வெளிச்சத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். மின்சாரம் குறைந்தால் பெரிய ஜெனரேட்டர் வேண்டாம். அதுவும் வேண்டாமென்றால் பகலில் வெயிலில் சோலார் தகடு வைத்துப் பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். ஒன்றைத் தொட்டால் அடுத்தது தானாக நகர்வதைக் கண்டு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பிளெக்ஸ் வேண்டாம், வேட்டித் துணியில் எழுதலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அடுத்தடுத்த நாள் நாடகம் வைத்தால் வேன் நடுவில் திரும்பி வர வேண்டியதில்லை. இப்போது வருடத்துக்கு வெளியேறும் கரியமிலவாயு, ஜெனரேட்டரால் இருநூற்று நாற்பது கிலோ, வேனால் நூற்றுத் தொண்ணூறு, மற்றவற்றால் நாற்பது என்று செம்மொழி படித்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் தலைவர் பஞ்சநதம்.

அவள் காகிதத்தைத் திருப்பினாள். "இன்னொண்ணு இருக்கு மாமா. ஷார்ஜா – திருச்சி, போக வர, ஒருத்தர். அறுநூத்தி முப்பது."

அந்த ஒருத்தர் அவள் கணவன் தமிழ்மாறன். ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். மாசியில், அறுத்த வயலில் நடக்கும் ஆண்டு நாடகத்தில் கடைமடைக்குத் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் வேடம் அவனுடையது. கம்பெனி ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் டிக்கெட் தரும். கம்பெனி தராத வருடம் குழு எடுத்துக் கொடுக்கும். இது குழுவின் வருடம். அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டுக் கூட்டிய கணக்கை அவள் பிள்ளைகளிடம்கூட ஏற்றுக்கொண்டதில்லை.

பஞ்சநதம் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை, கம்பெனி டிக்கெட்டுல வரட்டும். பதினஞ்சு நாளுக்குப் பதிலா ஒரு மாசமா இருந்துட்டுப் போகட்டும். நாளும் கொறையாது, பிளேன் பாதியாயிடும். சரிதானேம்மா?"

"இந்த வருசம் லஸ்கர் வேசம்?" என்று ஹாஜா கேட்டார்.

"நடராசன் போடுவான்."

"நடராசன் மதகைத் தொறந்தா தண்ணி வராதுங்க, தூக்கந்தான் வரும்."

செம்மொழி சிரிக்கவில்லை. பஞ்சநதம் சொன்னதில் பிழை தேடிக்கொண்டிருந்தாள். பிழை இல்லை. அவளே வகுப்பில் சொல்லக்கூடிய தீர்வு. போன மாசியில் தமிழ்மாறன் திரும்பிப் போன பிறகு நாலு நாள் கை தானாக ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் என்றால் கை அந்த அளவையே மறந்துவிடும். இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"முடிவு உன் கையிலதாம்மா," என்றார் பஞ்சநதம். "நீ எழுதுறதுல நான் கையெழுத்துப் போடுறேன். நாளைக்கு அனுப்பியாகணும்."

மத்தியானம், அங்கே சாப்பாட்டு நேரம் பார்த்து, ஐஎம்ஓ வீடியோவில் கூப்பிட்டாள். தமிழ்மாறன் ஏதோ கட்டடத்தின் மொட்டை மாடியில் நிழலில் உட்கார்ந்திருந்தான். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அறுநூத்தி முப்பதா? மொழி, நான் ஏ.சி.ல போடுறேனே கேஸு, அது ஒரு கிலோ வெளிய போனா எவ்வளவு சூடு புடிச்சு வைக்கும்?"

அவளுக்குத் தெரியும். "கிட்டத்தட்ட ரெண்டு டன் கரியமிலவாயு அளவுக்கு."

"காலையில ஒரு மிசின் ஒழுகிட்டிருந்துச்சு. நான் அடைக்கலன்னா சாயங்காலத்துக்குள்ள ஒரு கிலோ போயிருக்கும். அதுல மூணு தடவை ஊருக்கு வந்துட்டுப் போலாம்ல?"

"அது உங்க கம்பெனிக் கணக்குங்க."

"அடைச்ச கை யாரோடதாம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "அப்படியெல்லாம் கூட்டக் கூடாதுங்க."

"தெரியும். சும்மா சொன்னேன்." சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "ஒரு மாசம்னா நல்லாத்தான் இருக்கும்ல," என்றான். "நாம சேந்தாப்ல ஒரு மாசம் இருந்ததே இல்ல."

அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் நினைத்திருக்கவில்லை. "அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் இருக்கு," என்றாள்.

"ஆமா."

அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன எழுதப் போற?"

"ஒழுகுறத எப்படிங்க கண்டுபுடிப்பீங்க? காட்டுங்க."

அவன் எழுந்து பக்கத்து இயந்திரத்துக்குப் போனான். போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தான். கேஸுக்கு நிறமில்லை, காற்றில் தேட முடியாது, அதனால் சோப்பு நுரை என்று சொல்லிக்கொண்டே தாமிரக் குழாயின் இணைப்பில் பிரஷால் நுரையைத் தடவினான். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு நட்டுக்கு அடியிலிருந்து ஒரு குமிழி மெல்ல ஊதிக்கொண்டு வந்தது. நெல்லிக்காய் அளவு ஆனது. அவன் இரண்டு ஸ்பேனர் வைத்து நட்டைக் கால் சுற்று இறுக்கினான். குமிழி வளர்வது நின்றது. உடையவும் இல்லை.

"நின்னுடுச்சாங்க?"

"இரு, பாக்கணும்."

அவள் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். குமிழியில் அந்த ஊர் வானமும், குனிந்து பார்க்கும் அவன் முகமும், வளைந்து மிகச் சிறியதாகத் தெரிந்தன. வெயிலில் அது லேசாக நடுங்கியது. இருவரும் மூச்சுச் சத்தம் கேட்காதபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.