கடைசி வண்டிக்கு ஒரு கோல்

அந்த மலை ஊரிலிருந்து இறங்க ஒரே சாலை. ஒரு வண்டி போனால் இன்னொன்றுக்கு இடமில்லை. அதனால் மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட். மேலிருந்து ஒரு வரிசை இறங்கி முடித்த பிறகுதான் கீழிருந்து ஒரு வரிசை ஏறும். இறங்கும் வரிசையின் கடைசி வண்டியில் சிவப்புச் சாயம் அடித்த ஒரு முழக் கோலைக் கொடுத்தனுப்புவார்கள். கோல் கீழே வந்து சேர்ந்தால் சாலை காலி என்று அர்த்தம்.

அன்று கடைசி வண்டி அவனுடையது.

"சார், இது உங்க கையில இருக்கற வரைக்கும் கீழேருந்து ஈ காக்கா ஏறாது. கீழ் கேட்ல நீங்களே குடுங்க. வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. வழியில போனும் எடுக்காது" என்றார் கேட்காரர்.

அவன் தலையாட்டினான். மனைவி இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. அந்த ஏழு மாதமாக யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். குழந்தைக்குக் காற்று மாறினால் நல்லது, மூன்று நாள் மலைக்குப் போய் வரலாம் என்று மாமியார் சொன்னபோதும் அப்படித்தான் ஆட்டினான்.

ஊர் அமைதியாக இருந்தது. ஒரே தெரு. மூன்று மணிக்கே கடைகளின் ஷட்டர் பாதி இறங்கிவிடும். மருந்துக்கடைக்காரர் கல்லாவில் தலை வைத்துத் தூங்குவார். நாய்கூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் குரைத்தது. அறையில் கம்பளி ஈரமாகவே இருந்தது. அவன் மூன்று நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்தான். மாமியார் பேசினார். சுண்டெலி விளையாடினாள். சுண்டெலி அவன் மகள், நான்கு வயது.

இறங்கும்போது ஆறாவது வளைவு தாண்டியதும் சுண்டெலி பின் சீட்டு முழுக்க வாந்தி எடுத்தாள். அவன் சாலையிலேயே வண்டியை நிறுத்தினான். ஒதுங்க இடம் ஏது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன்னால் போன வண்டிகள் போய் மறைந்துவிட்டன. பனிமூட்டம் பாறையைத் தொட்டுக்கொண்டு இறங்கியது.

அவன் பழைய செய்தித்தாளால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. எங்கோ நின்று படம் எடுத்துவிட்டு வருகிற சுற்றுலாக்காரன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"எதாவது உதவி வேணுமா ஆன்ட்டி?"

"குழந்தைக்கு வயிறு சரியில்ல தம்பி. நீ கீழதானே போறே?" என்றார் மாமியார். பிறகு மருமகனிடம் திரும்பினார். "மாப்பிள்ளை, அந்தத் தடியைக் கீழ குடுக்கணும்னாரே, இந்தத் தம்பிகிட்ட குடுத்துடலாமா? நமக்காக அங்க எத்தனை பேர் காத்துக்கெடக்கறாங்களோ, பாவம்."

அடுத்தவர் பொருள் ஒன்று கையில் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. இரவல் வாங்கிய குடையை மழை விடுவதற்குள் திருப்பிக் கொடுக்கிறவர்.

அவன் தலையாட்டினான். பைக் போய்விட்டது.

சீட்டைத் துடைத்து, சட்டை மாற்றி, வாய் கொப்பளிக்க வைத்துக் கிளம்புவதற்குள் அரை மணி நேரம் ஓடியிருக்கும். சுண்டெலி முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, செவப்புக் குச்சி எங்க?"

அப்போதுதான் கேட்காரர் சொன்னது அவனுக்குக் கேட்டது. ஒரு சொல் குறையாமல் கேட்டது.

பைக் இந்நேரம் கீழே போயிருக்கும். கேட் திறந்திருக்கும். மரம் ஏற்றப் போகும் லாரிகள் கீழ் கேட்டில் காலியாக நிற்பதை மலை ஏறி வந்த அன்றே பார்த்திருந்தான். காலி லாரி வேகமாக ஏறும். எதிரே வண்டி வராது என்ற நம்பிக்கையில் இன்னும் வேகமாக ஏறும். கண்ணுக்குப் பத்தடி தெரிகிறது. அதற்கப்பால் வெறும் வெள்ளை.

"இறங்குங்க அத்தை. சீக்கிரம்."

"என்ன மாப்பிள்ளை?"

"ரோட்ல லாரி வருது. நாம இருக்கறது அவங்களுக்குத் தெரியாது."

அவர் பாறையை ஒட்டி ஓடிய வாய்க்காலுக்குள் பேத்தியோடு இறங்கினார். முழங்கால் வரை சேறு. அவன் ஹெட்லைட்டைப் போட்டான். போனில் டார்ச்சை எடுத்தான். அடுத்த வளைவுக்குக் கீழே ஓடிப் போய் லாரியை நிறுத்தியாக வேண்டும். சுண்டெலி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வந்துடறேன்னு சொல்லாத."

"ஏன்டா?"

"அம்மாவும் அதான் சொன்னா."

கீழே எங்கோ இஞ்சின் சத்தம் கேட்டது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"நீ எண்ணிட்டே இரு. நூறு வரைக்கும்."

"எனக்கு இருபதுதான் தெரியும்."

"அப்ப இருபது. முடிஞ்சா மறுபடி இருபது."

ஓடினான். ஏழு, எட்டு என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. செருப்பு ஒன்று கழன்று போனது. வளைவைத் தாண்டியதும் வெள்ளைக்குள் இரண்டு மஞ்சள் வட்டங்கள் தெரிந்து பெரிதாயின. நடுச்சாலையில் நின்று கையை ஆட்டினான். கத்தினான், என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. பிரேக் அலறியது. லாரியின் மூக்கு அவன் மார்புக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது.

"யோவ்! சாகறதுக்கு வேற ரோடே கெடைக்கலியா ஒனக்கு?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"மேல கார் நிக்குது. குழந்தை இருக்கு."

"காரா? கோல் வந்துடுச்சேய்யா, என் கண்ணால பாத்தேன்!"

"நான்தான் குடுத்தனுப்பினேன்."

டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க" என்றார்.

பின்னால் எட்டு லாரிகள். அவை திரும்பிப் போக வழியில்லை. அவன்தான் காரைப் பின்னுக்கே ஓட்டி ஆறு வளைவு ஏறியாக வேண்டும். மேல் கேட்டில்தான் ஒதுங்க இடம். குழந்தையைக் காரில் வைக்கக் கூடாது என்றார் டிரைவர். பாட்டியையும் பேத்தியையும் தன் லாரியில் ஏற்றிக்கொண்டார்.

"நான்தான் மாப்பிள்ளை, என் வாய்தான்..." என்று மாமியார் அழுதார்.

"தலையாட்டினது நான், அத்தை."

இரண்டாவது லாரிக்காரர் காருக்குப் பின்னால் நடந்து டிக்கியைத் தட்டித் தட்டி வழி சொன்னார். ஒரு தட்டு என்றால் வரலாம். இரண்டு தட்டு என்றால் நில், பள்ளம். அவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏற்றினான். முன்னால் திரும்பினால் லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. அதற்குப் பின்னால் மகள் இருக்கிறாளா என்று தெரியவில்லை.

முதல் வளைவு முடிந்ததும் கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். லாரியிடம் நடந்து போய்ப் பார்த்தான். இருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வளைவிலும் இறங்கினான்.

மூன்றாவதில் டிரைவர் சலித்துக்கொண்டார். "எத்தன தடவைங்க? உள்ளதான் இருக்கா. நான் என்ன முழுங்கிடவா போறேன்?"

நான்காவதில் இவன் வருவதைப் பார்த்ததும் அவர் தானே கதவைத் திறந்துவிட்டார். சுண்டெலி பாட்டி மடியில் தூங்கிப் போயிருந்தாள். அவன் படியில் ஏறி, அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூச்சு சூடாகப் பட்டது.

இன்னும் இரண்டு வளைவு இருந்தது.